அம்மாவின் கட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்

தங்கம் அக்கா இறந்துபோன செய்தியை அவருடைய மகன் கண்ணன் அண்ணன்தான் போனில் சொன்னார். காலையில் அம்மா காப்பிக்குப் பால் வைத்திருந்தாள். அம்மாவுக்கு வலது காது கேட்காது. தெருச் சத்தத்தில் இடது காதிலும் சரியாக விழாது என்பதால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். "அம்மா போயாச்சு அக்கா," என்றார் அவர். எப்போது, எப்படி என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை. "கட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஹார்ட்டுன்னாக்கும் டாக்டர் சொன்னது. உறக்கத்துலயே போயிட்டா. ஆனா எனக்கு ஒண்ணும் அறிஞ்சுகூடா அக்கா. போன வாரம்தானே ஸ்கேன் எடுத்தது? அதுல என்ன இருக்குன்னு இன்னும் ஆரும் பாக்கல்ல."

பால் பொங்கி வழிந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

அன்று மதியத்துக்குள் நம் கட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வேறு மாதிரி பரவிவிட்டது. கட்டி திடீரென்று பெரிதாகிவிட்டது என்று ஒருவர் எழுதினார். கதிர்ச் சிகிச்சை வைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் கடைசியில் இப்படித்தான் ஆகுமோ என்று இன்னொருவர் கேட்டார். தன் ஸ்கேனைத் தள்ளிப் போட்டுவிட்டதாக ஒரு மலையாளச் சேச்சி சொன்னார். தங்கம் அக்காவோடு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் நடந்ததை முழுதாக எழுதும்படி அம்மா என்னிடம் சொன்னாள். எனக்குப் பேச வராது. எழுதினால் ஓரளவு வரும்.

அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே வகைக் கட்டி. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வளர்வது. புற்றுநோய் இல்லை, வேறு எங்கும் பரவாது, வளர்வதும் மெதுவாகத்தான். ஆனால் அது இருக்கும் இடம் மோசம். காது போகும், தலை சுற்றும். முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. மண்டையைத் திறந்து எடுத்தால் அந்த நரம்பில் கை படலாம், பட்டால் பாதி முகம் அசையாமல் போகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் இருவரும் ரேடியோ சர்ஜரி செய்துகொண்டார்கள். கத்தி இல்லாமல், பல பக்கங்களிலிருந்து கதிரைக் கட்டியின் மேல் குவிக்கும் சிகிச்சை. அது கட்டியை எடுத்துவிடாது. வளரவிடாமல் நிறுத்தும், அவ்வளவுதான். நிறுத்திவிட்டதா இல்லையா என்று வெளியே தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அம்மாவால் தனியாக ரோட்டைக் கடக்க முடியாமல் போனதால், பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை. விடியுமுன் போனால் மதியம்தான் ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்புவார். எல்லா ஸ்கேனுக்கும் அம்மாவோடு போனவள் நான்தான். ஆகவே நான் எழுதுவது நான் கண்ணால் பார்த்தது.

முதன்முதலில் தங்கம் அக்காவைப் பார்த்தது ஸ்கேன் அறையின் வாசலில். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தாலிச் சங்கிலிக்குப் பதிலாக மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மெட்டியை மறந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் போட்டது, கழற்றியதே இல்லை, விரலில் புதைந்து கிடந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு தடித்த பெண்மணி எழுந்துவந்து தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, காலைத் தொடாதீங்கோ, நீங்க பெரியவா!" என்று அம்மா பதறினாள்.

"சும்மா இரு பிள்ளே. இந்தச் சவத்தைக் கழட்டாம ஒனக்கு உள்ள போக முடியாது. ஒனக்குப் பொறவு எனக்காக்கும் நம்பர்."

தன் தலையில் இரண்டு முறை உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், தலை நிறைய தேங்காய் எண்ணெய். அந்த எண்ணெயை அம்மாவின் விரலில் தடவி, மெட்டியைத் திருகி உருவி, என் கையில் வைத்தார். "பத்திரம் மக்கா. தொலைச்சா ஒங்கப்பா வேற ஒருத்தியக் கெட்டிருவாரு," என்றார். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார்.

அவர் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. கட்டி அவருக்கு இடது பக்கம், அம்மாவுக்கு வலது பக்கம். அதனால் இருவரும் பேச வேண்டுமென்றால் எப்போதும் அவர் அம்மாவின் இடப்பக்கம் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் இருவருக்கும் ஒன்றும் கேட்காது. ஸ்கேன் இயந்திரத்துக்குள் வரும் இரைச்சலைப் பற்றி அம்மா பயந்தபோது, "நமக்குப் பாதிதானே கேக்கும், பாதி டிக்கெட்டு," என்றார். டாக்டர் மில்லிமீட்டரில் சொன்ன அளவுகளை அவர்கள் இருவரும் சமையலறைக் கணக்குக்கு மாற்றி வைத்திருந்தார்கள். "எனக்கது சுண்டக்கா, கேட்டியா? ஒனக்கது வெறும் கடலை," என்று அவர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அம்மா விடமாட்டாள். "கடலைன்னா என்ன, ஊறவெச்ச கடலை," என்பாள். சின்னக் கட்டி வைத்திருப்பது ஏதோ கௌரவக் குறைவு போல.

ஊறவைத்த கடலை என்று அவள் விளையாட்டாகச் சொன்னது அடுத்த ஸ்கேனில் நிஜமாகவே நடந்தது.

தை மாதம் கதிர் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கக் கொடுத்த தேதி ஆடியில் விழுந்தது. சென்னையில் இருக்கும் மாமா, அம்மாவின் அண்ணா, அதைக் கேட்டதும் ஆடியில் வேண்டவே வேண்டாம் என்றார். மலையாளத்துக்கும் அது கர்க்கடகம், இரண்டு கணக்கிலும் ஆகாத மாதம். ஆகவே ஆனி முடிவதற்குள் வேறொரு ஸ்கேன் சென்டரில் எடுத்துவிட்டோம். பழைய படங்களைக் கொண்டுபோக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பழைய ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை மட்டும் பார்த்து, கட்டி அளவில் கூடியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மாமா அன்றைக்கே சென்னையில் ஒரு சர்ஜனிடம், ஆடி முடிந்ததும் ஆபரேஷனுக்கு நாள் கேட்டுவிட்டார். "வளர்றதுன்னு எழுதியிருக்கா, இன்னும் என்னடி யோசனை? கதிர் கிதிர்லாம் பார்த்தாச்சு. கிளம்பி வா," என்றார்.

கிளம்புவதற்கு முன் எங்கள் டாக்டரிடம் ஒருமுறை போனோம். அவர் அம்மாவின் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மருந்து ஊசி போட்டு எடுத்த படத்தில் கட்டி வெள்ளையாகத் தெரியும். பழையதில் முழுக்க வெள்ளை. புதியதில் ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நடுவில் கறுத்திருந்தது. அவர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: கதிர் பட்ட கட்டி முதல் வருடத்தில் கொஞ்சம் வீங்குவது உண்டு. உள்ளே சாகும்போது நடுப்பகுதி இப்படிக் கறுக்கும். பிறகு பெரும்பாலும் சுருங்கும். இது வளர்ச்சிதான் என்று இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது, வளர்ச்சி இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. முகத்தில் மரப்போ புதிதாகத் தலைவலியோ வந்தால் உடனே வாருங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து இங்கேயே எடுப்போம்.

அம்மாவுக்கு டாக்டர் மேல் மரியாதை உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றார்," என்றாள். அப்பா சொன்னதையும், தெருவில் நாலு பேர் வந்து சொன்னதையும் அப்படியேதான் எடுத்துக்கொண்டாள். யார் ஆறுதல் சொன்னாலும் அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினாள். மாமா சொன்னது ஆறுதலாக இல்லாததால் அதுதான் நிஜம் என்று பட்டது அவளுக்கு. பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்து, புடவைகளை அடுக்கத் தொடங்கினாள்.

சென்னைக்குக் கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள் நல்ல மழை. தங்கம் அக்கா குடையை மடக்காமலேயே உள்ளே வந்துவிட்டார். அன்று காலைதான் அவருக்கு ஆறு மாத ஸ்கேன் ரிசல்ட் சொல்லியிருந்தார்கள். ஆடி மாதத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது.

"என்ன சொன்னார் அக்கா?" என்றாள் அம்மா.

"என்ன சொல்ல? அப்படியே கெடக்கு. ஒரு அசைவு இல்ல."

"வளரலைன்னா நல்லதுதானே?"

"என்ன நல்லது? ஒனக்கு வீங்கியிருக்கு, நடுவுல கறுத்திருக்கு. உள்ள சாவுகதுக்க லெச்சணம்னு ஒங்கிட்டதானே சொன்னாரு? எனக்கு வீங்கவும் இல்ல, கறுக்கவும் இல்ல. சவம், எனக்குக் கதிர் ஏறவே இல்லியோ என்னமோ! ரெண்டு பேரும் ஒரே மாசந்தானே போய்ப் படுத்தோம்? ஒனக்கு மட்டும் வேல செய்யுது, பாத்தியா?"

"டாக்டர்ட்ட கேட்டேளா?"

"கேக்காம விடுவேனா? எனக்கு ஏன் டாக்டரே வீங்கல்லன்னு கேட்டேன். எல்லாருக்கும் வீங்கணும்னு இல்ல, வளராம இருந்தாலே ஜெயிச்ச மாதிரின்னு சொல்லுகாரு. அது எனக்க மனசமாதானத்துக்குச் சொல்லுகது. நானும் ஒன்ன மாதிரி ஆனியிலயே போய் எடுத்திருந்தா வீங்கியிருக்குமோ?"

அப்போதுதான் பெட்டி அவர் கண்ணில் பட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"ஆபரேஷனா? வேல செய்யுகத வெட்டி எறியப் போறியா? ஒனக்கு வெளிவு உண்டா பிள்ளே? எனக்கு இதுபோல வீங்கியிருந்தா, அத்தன தூரம், கல்லாறு வரைக்கும் ஆடிக்கிட்டே போயிருப்பேன். ஒனக்குக் கிடைச்சத நீ வேண்டாம்னு போற. எனக்குக் கேட்டாலும் கிடைக்கல்ல."

அவர் அழுதுகொண்டிருந்தார். மூக்கு சிவந்து, முந்தானையால் துடைத்துத் துடைத்து, உண்மையாகவே வெப்ராளப்பட்டு, தாங்க முடியாமல் அழுதார். அம்மாவைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று அவர் வரவில்லை. தன் கட்டியைப் பற்றிப் புலம்பத்தான் வந்தார். அம்மாவுடைய கட்டியின் மேல் அவருக்குப் பொறாமை. அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் எவ்வளவோ சொல்லியும் இறங்காத ஒன்று அப்போது அவள் மனதில் இறங்கியதை நான் பார்த்தேன். ஆறுதலில் பொய் இருக்கலாம். பொறாமையில் எப்படி இருக்கும்?

அவர் போனதும் அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். "அண்ணா, நான் வரலை. ஆறு மாசம் காத்துண்டு இருக்கப்போறேன்."

"யாரோ ஒருத்தி வந்து சொன்னான்னு இப்படி முடிவெடுப்பியா?"

"அவா ஒண்ணும் சொல்லலை அண்ணா. எனக்கு இருக்கறாப்பல தனக்கு இல்லையேன்னு அழுதுட்டுப் போறா."

மாமாவுக்கு அது புரியவில்லை. பெட்டியை அப்பா பரண்மேல் ஏற்றினார்.

அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் யாரும் நன்றாகத் தூங்கவில்லை. தினமும் காலையில் அம்மா கண்ணாடி முன் நின்று இரண்டு புருவத்தையும் தூக்கிப் பார்ப்பாள், கன்னத்தை உப்பிப் பார்ப்பாள். அடுத்த ஸ்கேனில் கட்டி பழைய அளவுக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் பழைய அளவையும்விடக் குறைந்தது. தங்கம் அக்காவுடையது ஒவ்வொரு முறையும் அதே சுண்டைக்காய்தான். முதலில் கோபப்பட்டார். பிறகு, "எனக்கது நல்ல பிள்ளையாக்கும். இருக்கச் சொன்ன இடத்துல அனங்காம இருக்கும்," என்று பெருமை பேசத் தொடங்கினார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம், "கொஞ்சமாவது குறைஞ்சிருக்கான்னு நல்லாப் பாருங்க," என்று கேட்காமல் எழுந்ததில்லை.

இந்த வருடம் இருவரும் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் இருந்தது. "ஸ்கேனுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவுல நம்மள ஆரும் ஒண்ணும் பண்ண முடியாது," என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கல்லாறுக்குக் கூட்டிப்போனார். பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருவரும் பேசினார்கள். ஆற்றுச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, ஒரே நேரத்தில் தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவர் என்னிடம், "இந்தத் தவணையும் குறையல்லேன்னா டாக்டர்கிட்ட நான் மிண்டவே மாட்டேன், பேச்சே கெடையாது," என்றார். அவரோடு நாங்கள் இருந்த கடைசி நாள் அது.

இறந்த வீட்டில் கண்ணன் அண்ணன் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆபரேஷன் வேண்டாம், கதிரே போதும் என்று தன் அம்மாவிடம் சொன்னது அவர்தானாம். கட்டி பெரிதாகி அதனால்தான் போனாள் என்றால் தன்னால் தாங்க முடியாது என்றார். எங்கள் அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே கதிரை நம்பி, அதே போலக் காத்திருப்பவள்தானே. இருவருக்கும் டாக்டர் கொடுத்திருந்த நாள் அந்த வாரக் கடைசியில் வந்தது. மூவரும் ஒன்றாகப் போனோம்.

டாக்டர் எழுந்து நின்று கண்ணன் அண்ணனின் கையைப் பிடித்தார். அண்ணன் உட்காரவே இல்லை. "கட்டி கூடியிருந்ததா டாக்டர்? அத மட்டும் சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

டாக்டர் தங்கம் அக்காவின் முதல் படத்தைத் திறந்தார். பக்கத்தில் கடைசிப் படத்தைத் திறந்தார். இரண்டிலும் ஒரே இடத்து வெட்டு வரும்வரை நகர்த்தினார். எங்கள் மூவருக்கும் இதற்குள் படம் பார்க்கத் தெரிந்திருந்தது, இருந்தாலும் டாக்டர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மூளையில் நீர் தேங்கவில்லை. ரத்தக் கசிவு இல்லை. மூளைத்தண்டைக் கட்டி அழுத்தவில்லை. "இந்தக் கட்டியால் அவர் போகவில்லை. அது இதயம்தான். அப்போது நீங்கள் போதும் என்று சொன்ன கதிர்ச் சிகிச்சை தன் வேலையைச் செய்திருக்கிறது," என்றார்.

அண்ணன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் கட்டியின் குறுக்கே கோடு போட்டு அளந்தார். மறுபடி அளந்தார். "ஒரு மில்லிமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. ஆனால் இதைக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். கோடு கொஞ்சம் தள்ளிப் போட்டாலே இவ்வளவு வித்தியாசம் வரும். மாற்றமில்லை என்றுதான் எழுதுவேன்," என்றார்.

"அம்மா இருந்தா விடமாட்டா," என்றார் அண்ணன். "குறைஞ்சுதுன்னே எழுதுங்கன்னு வழக்குக்கு நின்னிருப்பா."

அம்மா சட்டென்று, "எழுதிடுங்கோ டாக்டர். ஒரு மில்லிமீட்டர்னா என்ன, குறைஞ்சது குறைஞ்சதுதானே?" என்றாள்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அவர் அதிகம் சிரிக்காதவர் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். "எழுத்தில் மாற்றமில்லை. வாயால் வேண்டுமானால் சொல்கிறேன்: குறைந்திருக்கிறது," என்றார். கண்ணன் அண்ணன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். சிரிக்கவும் செய்தார்.

அம்மாவின் படத்தையும் அதே போலப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. இனிமேல் வருடா வருடம் வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றார். ஸ்கேனைத் தள்ளிப் போட்டிருக்கும் சேச்சியும், பயந்துபோயிருக்கும் மற்றவர்களும் இதை வாசித்த பிறகு நிம்மதியாகப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். தங்கம் அக்காவைக் கொண்டுபோனது கட்டி இல்லை.

காரியங்களுக்காக அண்ணன் நாகர்கோவில் போக வேண்டியிருந்தது. தம்பானூர் ஸ்டேஷன்வரை நாங்களும் ஆட்டோவில் போனோம். பிளாட்ஃபாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவர், கட்டி வீங்கவில்லை என்று தன் அம்மா வீட்டில் செய்த ரகளையைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன துக்கமோ என்று ஓடிவந்தார்களாம். "எந்தா சேச்சி, கூடியோ?" என்று அவர்கள் கேட்க, "கூடல்லேயே, அதானே சங்கடம்!" என்று இவர் நெஞ்சில் அடித்துக்கொண்டாராம். அண்ணன் அதே குரலில் சொல்லிக் காட்டவும், அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். துக்க வீட்டுக்காரர் எதிரில் சிரித்துவிட்டோமே என்று உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் நான் பார்த்துவிட்டேன். இரண்டு கன்னமும் ஒரே அளவு மேலே ஏறியிருந்தன. இரண்டு கண்களும் ஒரே அளவு சுருங்கியிருந்தன. அன்று மழையில் ஒருவர் வந்து பொறாமைப்பட்டு அழாமல் இருந்திருந்தால், அந்த முகத்தில் பாதி இன்று அசையாமல் இருந்திருக்கலாம். தங்கம் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அம்மாவின் அந்த முழுச் சிரிப்பு. அதை நான் தினமும் பார்க்கிறேன்.